பாலைப்பழமும் கோடியக்கரை மான்களும்

கோடை வந்தால் நம் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "காட்டுல மானுக்குத் தீனி இல்ல, அதான் ஊருக்குள்ள வருது. நாலு பழமரத்த நட்டு வெச்சா என்ன?" டீக்கடையிலும் கேட்கலாம், கோயில் வாசலிலும் கேட்கலாம். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் எந்த மானுக்கு, எந்த மரம், எந்த இடத்தில் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தோட்டக்கலைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நாற்றங்காலோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

கோடியக்கரை சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. முக்கியமாக அங்கே காப்பாற்ற நினைத்தது முறுக்கிய கொம்புள்ள வெளிமானை. திருகுமான் என்றும் சொல்வோம். விலங்கியல் படித்தவர்கள் "அது மானே இல்லை, ஆன்டிலோப்" என்று திருத்துவார்கள். கொம்பு விழுந்து முளைக்காது, ஆயுள் முழுக்க ஒரே கொம்புதான், அதனால் வேறு இனம். இருக்கட்டும், நம் முன்னோர் இரண்டையும் மான் என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். புள்ளிமானும் அங்கே உண்டு. இரண்டும் ஒரே காட்டில் இருந்தாலும் குணம் வேறு. புள்ளிமான் மர நிழலில் ஒண்டும், தழையைக் கடிக்கும், குரங்கு உதிர்க்கும் பழத்துக்காகக் கீழே காத்து நிற்கும். வெளிமானுக்குப் புல்தான் சாப்பாடு, திறந்த வெளிதான் வீடு. ஆபத்து என்றால் ஒளியாது, ஓடும். ஓட இடம் வேண்டும். பேரிலேயே "வெளி" இருக்கிறதே, கவனித்தீர்களா?

இனி மரத்துக்கு வருவோம். கோடியக்காட்டின் தலையாய மரம் பாலை. உலக்கைப்பாலை என்று முழுப்பெயர். உலக்கைக்கும் செக்குக்கும் ஆகிற இரும்பு போன்ற கட்டை. சங்க இலக்கியத்துப் பாலைத் திணைக்குப் பெயர் கொடுத்தது இதுவா, வெட்பாலையா என்று புலவர்கள் வாதாடுவார்கள், அதில் நான் தலையிடப் போவதில்லை. பழம் தெரியும்தானே? வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிசு, மஞ்சள் நிறம், தேன் மாதிரி இனிப்பு. நாலைந்து தின்றதும் பால் பிசின் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கடலுக்கு அந்தப் பக்கம் வன்னியிலும் இதே மரம், இதே பழம், இதே பெயர். அங்கே சீசனில் பாலைப்பழம் விற்பனைக்கே வரும். நம்மூரில் இதைக் காசு கொடுத்து யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆடும் குரங்கும் மானும் பங்கு போட்டுக்கொள்வதோடு சரி. பாலை மட்டுமல்ல, நாவல், வீரை, காரை, களா, சூரை, நறுவிலி என்று நம் கரையோரக் காட்டில் பழத்துக்குப் பஞ்சமில்லை.

சப்போட்டாவுக்கும் பாலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே குடும்பம். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சப்போட்டா ஒட்டுக்கன்றின் வேர் சப்போட்டாவினுடையது அல்ல, பாலைக் கன்றினுடையது. அமெரிக்காவிலிருந்து வந்த மரம் நம் காட்டு மரத்தின் காலில் நிற்கிறது. அதனால் எங்கள் நாற்றங்காலில் வருஷாவருஷம் பாலை விதை தேடி அலைவோம். வளர்ச்சி ஆமை வேகம். ஒட்டுக் கட்டுகிற தடிப்புக்கு வர இரண்டு வருஷம் ஆகிவிடும். விதையில் எண்ணெய் அதிகம், ஆகையால் வைத்திருந்தால் உயிர் போய்விடும். பழம் விழும் வைகாசி, ஆனியிலேயே கழுவி நிழலில் உலர்த்தி ஊன்றிவிட வேண்டும். பளபளவென்று இருக்கும் அந்த ஓட்டில் பக்குவமாக ஒரு கீறல் போட்டுவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். சுத்தியலால் ஓங்கித் தட்டினால் பருப்பு நசுங்கிப் போகும்.

விதை சேகரிக்கும் வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதிகாரி யாருமில்லை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டோடு வந்த ஒரு கீதாரி. அறுவடை முடிந்த வயல்களில் அவர்கள் கிடை போடுவது பழைய வழக்கம். நான் மரத்தடியில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இடுப்ப ஒடிக்கிற? ராத்திரி ஆடு அசை போட்ட எடத்துல பாரு, சுத்தமா கெடக்கும்" என்றார். உண்மைதான். ஆடும் மாடும் மானும் அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு ஆற அமரப் படுத்து அசை போடும். அப்போது பெரிய கொட்டையை வெளியே துப்பிவிடும். ஆட்டுப்பட்டியில் வேப்பங்கொட்டை பொறுக்கி விற்ற பாட்டிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏரிக்குள் கருவேலந்தோப்பு வளர்த்த காலத்தில் வனத்துறையினரும் பட்டியில் கிடைத்த விதையைத்தான் விரும்பி எடுத்தார்கள். ஆட்டின் வாயும் வயிறும் பட்ட கடின விதை சீக்கிரம் முளைக்கும்.

புள்ளிமானும் இதே வேலையைச் செய்கிறது. ஒரு மரத்தடியில் தின்று, வேறொரு நிழலில் படுத்துத் துப்புகிறது. அங்கே மழைக்கு ஒரு கன்று எழும்புகிறது. மானுக்கு மரம் சோறு போடுகிறது, மரத்துக்கு மான் நாற்று நடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மனிதனுக்கு வேலையே இல்லாமல் இருந்தது, நாம் நடுவில் புகும்வரை.

புகுந்த கதை இது. 1876இல், தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய சமயம், சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரி பெடோம் என்பவர் வறட்சி தாங்கும் மரம் ஒன்றின் விதையை வரவழைக்க எழுதினார். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். அதுதான் சீமைக்கருவேல், நம் வாயில் வேலிக்காத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விறகுக்கு வழியில்லாத வறண்ட சீமைக்கு ஏதாவது செய்ய நினைத்தார்கள். பின்னாளில் ஏழைகளின் அடுப்பு எரிந்ததும் கரி மூட்டம் போட்டவர்கள் பிழைத்ததும் இதனால்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் கோடியக்கரையில் என்ன நடந்தது? புல் காய்ந்த கோடையில் வெளிமானுக்கு அந்த இனிப்புக் காய் நல்ல தீனியாக அமைந்தது. தின்றது. விதை சின்னது, கெட்டியானது, துப்பாமல் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வந்தது. வெளிமான் கடாவுக்கு ஒரு பழக்கம், எல்லை காட்டுவதற்குத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போடும். புல்வெளியின் நடுவில் உரமும் விதையும் சேர்ந்த குவியல்! வேறென்ன வேண்டும் வேலிக்காத்தானுக்கு? காட்டுக்குதிரையும் பன்றியும் தங்கள் பங்குக்குப் பரப்பின. ஓடித் திரிந்த வெளி முள்புதராகிக்கொண்டே வந்தது. தன் வீட்டைத் தானே அடைக்கும் செடியை மான் தின்று தின்று நட்டது. வனத்துறை பல கட்டமாக அதை அகற்றி வருகிறது. வேரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ஆகவே அது ஒரு வருஷ வேலை இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயலை நாம் யாரும் மறக்க முடியாது. தென்னையும் மாவும் சவுக்கும் சாய்ந்து கிடந்தன, மான்களும் செத்தன. அதற்குப் பிறகு வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் லாரி நிறையக் கன்றோடு வந்தார்கள். கொய்யா, வாகை, புங்கன் எல்லாம் இருந்தது. "காட்டோரம் மொட்டையா கெடக்கே சார், அங்க நட்டுரலாம், மானுக்கும் ஆச்சு" என்றார்கள். அந்த மொட்டைதான் வெளிமானின் மேய்ச்சல் நிலம் என்று புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. மரம் இல்லாத இடமெல்லாம் பாழ் நிலம் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. கடைசியில் குளக்கரையிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் நட்டார்கள். ஒரு இளைஞருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. அவரிடம் பாலை விதை ஒரு கைப்பிடி கொடுத்தேன். அவர் ஊரில் முளைக்கவைத்துப் படம் அனுப்பினார்.

மரம் நட வேண்டிய இடமும் இருக்கிறது. கோயில் நந்தவனம், குளத்து மேடு, கிராமத்துப் புறம்போக்கு, வயல் ஓரத்துத் திடல், இங்கெல்லாம் பாலையும் வீரையும் நாவலும் இருந்து போயின. அவை மறுபடி வந்தால் குருவியும் வௌவாலும் தின்று, விதையைக் காட்டுக்குள் தாங்களே கொண்டுபோகும். சரணாலயத்துக்குள் நாம் போய் ஒரு கன்றும் நடத் தேவையில்லை, அனுமதியில்லாமல் ஒரு விதைகூட எடுக்கவும் கூடாது, சட்டப்படி குற்றம். நான் எடுப்பதெல்லாம் ஊருக்குள் நிற்கும் இரண்டு கிழட்டுப் பாலை மரத்தடியில்தான். அதில் ஒன்று கஜாவில் பாதிக் கிளையை இழந்தது. மறு வருஷம் மிச்சப் பாதியில் காய்த்தது.

வீட்டுக் கொல்லையில் இப்போது அறுபது பையில் கன்று நிற்கிறது. ஆழமாக வேர் இறங்கும் மரம், எனவே நீளமான பை வேண்டும். ஒரு வருஷக் கன்று சாண் உயரம்கூட இருக்காது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நட்ட பிறகு மூன்று வருஷம் ஆடு மாடு வாய் வைக்காமல் காக்க வேண்டும். அதற்கு வெட்டிப்போட்ட வேலிக்காத்தான் முள்ளைவிட மலிவான வேலி இல்லை. ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் கொடுக்க ஆரம்பிப்பேன். பை எடுத்துக்கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். ஒரு ஆளுக்கு மூன்று கன்றுதான்.