பாலாறு என்னும் தலைப்பின் கீழ்

நூலகப் பட்டியலில் 'பாலாறு' என்று தேடுபவர் குறைந்தது மூன்று ஆறுகளைத் தேடுகிறார். முதலாவது, கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, அங்கே 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு. இரண்டாவது, பழனிக்கு அருகில் பொருந்தலாற்றுடன் சேர்த்து அணை கட்டப்பட்டது. மூன்றாவது, மாதேசுவரன் மலையடிவாரத்தில் இரு மாநிலங்களின் எல்லையாக ஓடி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் காவிரியில் கலப்பது. அதன் கரையிலுள்ள சோதனைச்சாவடிக்கும் குடியிருப்புக்கும் பாலாறு என்றே பெயர். ஏரிப்பாசனம், தோல் பதனிடும் கழிவு, மணல், அணைத் தகராறு என முதலாவதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சொல்லை மட்டும் நம்பித் தேடினால் மூன்றாவது பாலாறு முதலாவதின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும்.

பொருள் தலைப்பு என்னும் ஏற்பாடு இந்த இடர்ப்பாட்டிலிருந்து பிறந்தது. ஒரு பெயருக்குப் பல பொருள்கள் இருந்தால் அவற்றை அடைப்புக்குறி விளக்கத்தால் பிரிக்க வேண்டும். ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தால் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றிலிருந்து அதற்குக் 'காண்க' என வழிகாட்ட வேண்டும். அமெரிக்க நூலகர் சார்லஸ் அம்மி கட்டர் 1876இல் வெளியிட்ட விதிகள் இதை ஒழுங்குபடுத்தின. 1898 முதல் காங்கிரஸ் நூலகம் தன் தலைப்புகளைத் திரட்டத் தொடங்கி, 1909க்கும் 1914க்கும் இடையில் அவற்றை அச்சிட்டது. உலகின் பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்களில் இன்று வழங்கும் கட்டுப்பாட்டுச் சொற்றொகுதி அதன் வழிவந்ததே. இவ்வளவும் பாடநூல் செய்தி. தேர்ந்தெடுக்கப்படும் அந்த 'ஒரு பெயர்' யாருடைய பெயர், எந்த ஆண்டின் பெயர் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. மூன்றாவது பாலாற்றின் கரையில் நின்றால் அக்கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அக்கரையின் ஆட்சி வரலாறு சுருக்கமானது. ஆனால் குழப்பம் நிறைந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொள்ளேகாலம் பகுதி கும்பினி ஆட்சிக்கு வந்து, சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டமாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் அது மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டு மைசூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1973இல் மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது இவ்வூர்களும் உடன் சென்றன. ஆறு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் வடகரையைப் பற்றிய ஆவணங்கள் கோயம்புத்தூர், மைசூர், சாமராஜநகர் என மூன்று மாவட்டங்களின் பெயரில் சிதறின.

இதன் விளைவு கற்பனையானது அன்று. மாதேசுவரன் மலைக் காடுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யார் எப்படி ஆண்டனர் என்று ஆராயும் மாணவர் 'சாமராஜநகர்' என்று தேடினால் நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிடைக்காது. அது 'கோயம்புத்தூர் மாவட்டம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதற்குரிய இடமும் அதுவே. அவ்வாறே, 1800ஆம் ஆண்டு கொள்ளேகாலத்திலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியே இறங்கிய பிரான்சிஸ் புக்கானனின் மூன்று தொகுதிப் பயணநூல் (1807) தன் பெயரில் சென்னை, மைசூர், கன்னடம், மலையாளம் ஆகியவற்றைத்தான் சுமந்திருக்கிறது. நூற்பெயரைப் பார்த்துத் தலைப்பு இடும் அவசரக்காரப் பட்டியலாளர் கொங்குப் பகுதியை அதில் காணப்போவதில்லை.

காங்கிரஸ் நூலகத்தின் நடைமுறை ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. நிலப்பரப்பு மாறாமல் பெயர் மட்டும் மாறிய ஆட்சிப்பகுதிக்கு, நூல் எக்காலத்தைப் பற்றியதாயினும், பொருள் தலைப்பில் கடைசிப் பெயரே வழங்கப்படும். 1973க்கு முந்திய நிகழ்ச்சியும் 'கர்நாடகம்' என்றே குறிக்கப்படுவதும், 1969க்கு முந்தியது 'தமிழ்நாடு' ஆவதும் இதனால்தான். தேடுபவர் ஓரிடத்தில் பார்த்தால் போதும் என்பதே நோக்கம். அது நல்ல நோக்கம். பெயர் மாறும் இடங்களுக்கு இவ்விதி பொருந்துகிறது. ஒரு வட்டம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய இடத்தில் இது துணைக்கு வருவதில்லை. அங்கே தேவைப்படுவது 'மேலும் காண்க' என்னும் எளிய குறிப்பு. எழுத ஆள்வேண்டிய குறிப்பும் அதுவே.

டூயி பகுப்புமுறையில் இப்பிளவு எண்ணாகவே நிற்கிறது. தமிழ்நாட்டு வரலாறு 954.82, கர்நாடக வரலாறு 954.87. பாலாற்றின் இருகரைகளையும் ஒருசேரப் பேசும் நூல் ஏதேனும் ஓர் எண்ணின் அடியில் மட்டுமே அமர முடியும். அலமாரியில் ஒரு நூலுக்கு ஓர் இடந்தானே உண்டு.

பட்டியலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்புமுறையும் 1934இல் பகுப்புவழிப் பட்டியல் விதிகளும் வெளிவந்தன. 1938இல் வெளியான நூலில் அவர் விரித்துரைத்த சங்கிலி முறைதான் பொருள் தலைப்பின் வரலாற்றில் தமிழ் நிலத்திலிருந்து சென்ற பெரும் பங்களிப்பு. ஆயத்தப் பட்டியலிலிருந்து ஒரு தலைப்பைப் பொறுக்கியெடுப்பதும், பட்டியலாளரின் மனம்போனபடி இடுவதும் அவருக்கு உவப்பாக இல்லை. நூலின் பகுப்பெண்ணே அதன் பொருளைக் கண்ணி கண்ணியாகச் சொல்கிறது. அந்தக் கண்ணிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் தலைப்பு தானே கிடைத்துவிடும் என்றார். வரலாறு, இந்தியா, கர்நாடகம், சாமராஜநகர் என்பது சங்கிலியானால், 'சாமராஜநகர், கர்நாடகம், இந்தியா, வரலாறு' என்பது முதல் பதிவு. 'கர்நாடகம், இந்தியா, வரலாறு' என்பது அடுத்தது. இப்படியே 'வரலாறு' வரை. எந்தக் கண்ணியைப் பிடித்துத் தேடினாலும் வாசகர் நூலை அடைவார். 1950இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய நூற்பட்டியல் இம்முறையை ஏற்று இருபதாண்டுக் காலம் பின்பற்றியது. காலனியத்தின் தலைநகரம் தன் நூல்களை அடுக்கச் சென்னையிலிருந்து வழி கற்ற அரிய தருணம் அது.

எனினும் சங்கிலியின் வலிமை பகுப்பெண்ணின் வலிமையே. பகுப்பெண் எங்கே நிற்கிறதோ அங்கே தலைப்பும் நின்றுவிடும். பாலாறு என்னும் எல்லைச் சிற்றூருக்குத் தனிக் கண்ணி இல்லையென்றால் சங்கிலி மாவட்டத்தோடு முடியும். மேலும், சங்கிலி மேல்நோக்கிச் செல்லும்போது ஏதேனும் ஒரு மாநிலத்தின் வழியாகத்தான் இந்தியாவை அடையும். கணிதரின் கூர்மை இங்கே நிலவியலின் பிடிவாதத்தோடு மோதுகிறது. 1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் மறையும்வரை இத்தகைய முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே அவர் முனைந்திருந்தார்.

இடப்பெயரைவிடக் கடினமானது மக்களின் பெயர். பாலாற்றை அடுத்த மலைகளில் வாழும் பழங்குடியினரைத் தமிழர் சோளகர் என்கின்றனர். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பு அவர்களைச் சோளகா என்று பதிவுசெய்தது. தமிழ்நாட்டின் அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் இன்றும் அந்த வடிவமே உள்ளது. கர்நாடகப் பட்டியலில் அவர்கள் சோளிகரு. ஆங்கில ஆய்வுகள் பெரிதும் சோளிகா என எழுதுகின்றன. ஓர் ஆற்றைக் கடந்ததும் ஒரே மக்களின் பெயர் மாறிவிடுகிறது. இவற்றைக் 'காண்க' குறிப்பால் இணைக்காத பட்டியலில், ஒரு கரையின் ஆய்வாளர் மறுகரையின் ஆய்வை அறியாமலே பட்டம் பெற்றுவிட முடியும். கன்னடத்தில் எழுதப்பட்டவற்றுக்கும் தமிழில் எழுதப்பட்டவற்றுக்கும் இடையிலான தூரம் இதனால் இன்னும் கூடுகிறது.

தலைப்பு தீர்ப்பாகவும் மாறக்கூடும் என்பதை 1971இல் சான்ஃபோர்டு பெர்மன் காட்டினார். காங்கிரஸ் நூலகத் தலைப்புகளில் உறைந்திருந்த இன, பாலினச் சாய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிய அவருடைய நூலுக்குப் பிறகு பல தலைப்புகள் திருத்தப்பட்டன. இந்திய வாசகர் நன்கறிந்த மாற்றம், 'தீண்டத்தகாதோர்' என்ற தலைப்பு பின்னாளில் 'தலித்துகள்' ஆனது.

பாலாற்றிலும் அந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது. 1993 ஏப்ரல் 9 அன்று அவ்வூரருகே வீரப்பன் குழு வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்த தேடுதல் வேட்டையில் இரு மாநில அதிரடிப் படைகளால் மலைவாழ் மக்கள் வதைக்கப்பட்டதாக எழுந்த புகார்களை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. இந்தக் காலத்தைப் பற்றிய ஒரு நூலுக்கு என்ன தலைப்பு? காங்கிரஸ் நூலகத்தில் கொள்ளையருக்கென்று பழைய தலைப்பு ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. கை முதலில் அங்கேதான் செல்லும். காவல்துறை, மனித உரிமை மீறல், பழங்குடியினர், காட்டு நிர்வாகம் ஆகியவையும் அந்நூலின் பொருள்களே. முதல் தலைப்பு மட்டும் இடப்பட்டால் காட்டின் வரலாறு ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதையாகச் சுருங்கிவிடும். வதைபட்டவர்கள் பட்டியலுக்கு வெளியே நிற்பர்.

மொழியும் தன் பங்குக்கு ஒரு சுவர் எழுப்புகிறது. இந்தியத் தேசிய நூற்பட்டியல் தமிழ் நூல்களையும் ரோமன் எழுத்தில் பதிந்து, பொருளை ஆங்கிலத்தில் குறித்தது. தமிழ் நூலைத் தமிழில் தேடும் உரிமை கணினிக் காலத்திலும் அரைகுறையாகவே வாய்த்திருக்கிறது. நூற்பெயர் தமிழில் கிடைக்கும்; பொருள் தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். 'சோளகர்' என்று தட்டச்சு செய்பவருக்கு, அச்சொல் நூற்பெயரில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' (2004) அந்த வகையில் நல்வாய்ப்புப் பெற்றது. சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அது நாவல். எனவே டூயி முறையில் 894.8113 என்ற எண்ணில், தமிழ்ப் புனைகதைகளோடு அமர்கிறது. புனைகதைக்குப் பொருள் தலைப்பு இடும் வழக்கம் நம் நூலகங்களில் அரிது. அதே மலையின் காட்டு நிர்வாக அறிக்கைகள் 634.9இல் இருக்கின்றன. அதே மலையின் வரலாறு, கரைக்கேற்ப, 954.82இலோ 954.87இலோ இருக்கிறது. இந்த நான்கு எண்களையும் சேர்த்துக் கட்டும் 'மேலும் காண்க' குறிப்பை இன்னும் யாரேனும் எழுதியாக வேண்டும்.