கோப்பி இலையில் படர்ந்த துரு: மலையகம் உருவானதில் ஒரு பூஞ்சையின் பங்கு

இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் தோட்டத் துரையையும் ஆள் திரட்டிய கங்காணியையும் தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் விரிவாகப் பேசுகிறார்கள். ஒரு பூஞ்சைக்கோ அரை வரிக்கு மேல் இடமில்லை: கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது, அவ்வளவுதான். அந்த அரை வரிக்குள் மறைந்திருப்பது சாதாரண மாற்றம் அல்ல. பயிர் மாறியதோடு உழைப்பின் காலக்கணக்கும் மாறி, பருவத்துக்குப் பருவம் வந்துபோன பெருங்கூட்டம் மலையிலேயே குடியமர்ந்தது.

1869இல் இலங்கை மலைத்தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் திட்டுகள் தோன்றின. தொட்டால் விரலில் பொடி ஒட்டும். பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து சென்ற மாதிரிகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பூஞ்சையியலாளர் பெர்க்லி, அப்பூஞ்சைக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். முதற்சொல்லுக்குப் பாதி வழவழப்பானது என்று பொருள். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் வித்து சிறுநீரக வடிவில், ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் முள்முள்ளாகவும் இருக்கும். இரண்டாம் சொல் நாசகாரி என்பதைக் குறிக்கும். 1880இல் இலங்கை வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு இரண்டாண்டு உழைத்து அதன் வழியைக் கண்டறிந்தார்: காற்றில் பறந்துவரும் வித்து இலையின் ஈரத்தில் முளைத்து, அடிப்புறத்து நுண்துளை வழியாக உள்ளே புகுகிறது. இலை உதிர உதிரச் செடி காய்க்கும் வலுவை இழக்கிறது. காட்டை வெட்டி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டிருந்ததால் வித்துக்குத் தடையே இல்லை.

கோப்பியைக் கொன்றது நோயல்ல, சந்தைதான் என்று வாதிடலாம். 1870களின் நல்ல விலை விளைச்சல் குறைவை மறைத்ததும், பிறகு பிரேசில் கோப்பி பெருகி விலை சரிந்ததும், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டதும் உண்மையே. ஆனால் 1840களின் பிற்பகுதியிலும் விலை வீழ்ந்து பல தோட்டங்கள் நொடித்தன. அடுத்த பத்தாண்டில் கோப்பி மீண்டது. 1880களின் பிற்பகுதியில் உலக விலை மறுபடி ஏறியபோதோ இலங்கைக் கோப்பி எழவில்லை. விலை திரும்பியும் பயிர் திரும்பாததற்குச் சந்தையைக் காரணம் காட்ட முடியாது. தென்னிந்தியாவின் குடகில் நிழல்மரங்களின் கீழ் கோப்பி தப்பிப் பிழைத்ததைப் பார்க்கும்போது, பூஞ்சையோடு நடவுமுறையும் சேர்ந்தே இலங்கையில் அழிவை விளைவித்தது என்று கொள்வதே சரி.

கோப்பிப் பழம் பறிக்கச் சில மாதங்களுக்குத்தான் பெருந்திரளான ஆட்கள் தேவை. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலை அப்படி விடாது. கொழுந்து வாரத்துக்கொரு முறை, பத்து நாளுக்கொரு முறை என ஆண்டு முழுவதும் துளிர்க்கும், விட்டால் முற்றிவிடும். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், நூற்றாண்டு முடிவதற்குள் 3 லட்சம் ஏக்கரைத் தாண்டியபோது, கொழுந்தெடுக்கப் பெண்களும் குடும்பங்களும் லயங்களில் நிலைத்தார்கள். கோப்பிக் காலத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்போது சிலரின் வழியாக இருந்தது, தேயிலையில் தோட்டத்தின் அடிப்படைத் தேவையாயிற்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியபோது, கோப்பிச் செடி மலையை விட்டு அகன்று அரை நூற்றாண்டு கடந்திருந்தது. வந்துபோகிறவர்கள் என்ற பழைய கணக்கு மட்டும் அகலவில்லை.