துறைமுகமும் வாடிவீடும்: திருகோணமலையின் பழைய கட்டடங்கள் குறித்து ஒரு விசாரணை

இலங்கைத் துறைமுகப் பட்டினங்களின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுவோர், காலியின் நியூ ஓரியண்டல் ஹோட்டலையும் கொழும்பின் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, திருகோணமலைக்கு வரும்போது கோணேசர் கோயிலையும் கோட்டையையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் தொட்டுக்காட்டி அமைந்துவிடுவது வழக்கம். உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் இத்துறையின் கரையில் அவற்றுக்கு இணையான ஒரு பழைய ஹோட்டல் ஏன் எழவில்லை என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை காணப் புகுந்தால், இப்பட்டினத்தில் எவை எஞ்சின, எவருக்காக எஞ்சின என்பதும் உடன் வெளிப்படும்.

ஹோட்டல் என்பது பிரயாணிக் கப்பலின் பின்னே வரும் ஸ்தாபனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கீழைத்தேயம் செல்லும் நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றுவதற்காகக் காலியில் தரித்தமையாலேயே, கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்று 1860களில் பிரயாணிகளுக்குரிய ஹோட்டலாயிற்று. 1875இல் அடிக்கல் நடப்பட்ட கொழும்பு அலைதாங்கி 1885இல் பூர்த்தியானதும் கப்பல்கள் அங்கே பெயர்ந்துவிட, காலியின் வளர்ச்சி நின்றது. ஆனால் வளர்ச்சி நின்றமையே பழைய சுவர்களுக்குக் காப்பாயிற்று என்பது யோசிக்கத்தக்கது. திருகோணமலையின் நிலை வேறு. தேயிலை மலைகளிலிருந்து அது தூரத்திலிருந்தது. புகைவண்டிப் பாதை 1927இலேதான் அங்கே எட்டியது. ஆங்கிலேயர் 1795இல் அதைக் கைப்பற்றியதும் வர்த்தகத்துக்காகவன்று, வங்காள விரிகுடாவில் தம் போர்க்கப்பல்கள் ஒதுங்கவும் பழுது பார்க்கவும் ஓரிடம் வேண்டும் என்பதற்காகவே. அங்கே வந்திறங்கியவன் அறை தேடும் பிரயாணியல்லன். உத்தியோகம் வகித்து வந்த அவனுக்குரிய வீடு அரசாங்கத்தாலே முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒல்லாந்தர் காலந்தொட்டு அவ்வாறு உத்தியோகத்தருக்கென எழுந்த கட்டடங்களுள் சிறந்தது ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் மாளிகை. இரண்டு மாடிகளைக் கொண்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தின் முன்னே நின்று நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, அதன் அளவுக்குச் சற்று மிகையோ என ஐயுறும்படி பருத்து நிற்கும் தூண்வரிசை. அது வெறும் ஆடம்பரமன்று. வேனிற்காலத்தில் நேர்வெயிலும், மார்கழியை ஒட்டி வடகீழ்ப்பருவக்காற்று கொணரும் சாரலும் உட்சுவரைத் தீண்டாதபடி, அகன்ற விறாந்தையொன்றைச் சுவருக்கு முன்னே நிறுத்துவதே அத்தூண்களின் தொழில். இத்தகைய பழைய சுவர்களுக்குப் பூசிய சாந்தும் ஒரு காப்பே: சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. சீமேந்தோ ஈரத்தை உள்ளே சிறைப்பிடித்து உப்புப் பூக்கச் செய்துவிடும். கடற்கரையோரத்துப் பழைய சுவர்களைச் சீமேந்து பூசிக் 'காப்பாற்ற' முனைந்தோர் செய்த கேட்டினை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. இம்மாளிகை நெதர்லாந்து அரசின் உதவியோடு புதுக்கப்பட்டு, 2013இல் கடற்படை வரலாற்று நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

பிரெடெரிக் கோட்டையினுள்ளே உள்ள வெல்லெஸ்லி இல்லத்துக்கோ கட்டட நயத்தினும் கதையே பெரிது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவாகப் பிரசித்தி பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி இங்கே நோயுற்றுக் கிடந்தமையால் கப்பலைத் தவறவிட்டார், அக்கப்பலோ கடலில் அமிழ்ந்தது, ஆகவே வாட்டர்லூ வெற்றிக்கே இவ்வில்லம் காரணமாயிற்று என்று வருவோர்க்குச் சொல்லப்படுவதுண்டு. அவர் 1800ஆம் ஆண்டு இறுதியில் இங்கு வந்து, மறு ஆண்டு பெப்ரவரியில் பம்பாய்க்குப் புறப்பட்டார் என்பதும், காய்ச்சல் கண்டது பம்பாயிலே என்பதும், அவர் ஏறவிருந்த சூசன்னா என்னும் கப்பலே அழிந்தது என்பதும் சரித்திரம். கதை பம்பாயிலிருந்து திருகோணமலைக்கு இடம் பெயர்ந்தமைக்குக் காரணம், காட்டுவதற்கு இங்கே ஒரு வீடு நின்றதே போலும்.

இவ்விரண்டினையும் நோக்க, சாமானியப் பிரயாணி தங்கிய வாடிவீட்டை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒல்லாந்தர் தொடங்கி ஆங்கிலேயர் தெருக்கள்தோறும் விரிவாக்கிய இந்த ஸ்தாபனம் திருகோணமலைப் பட்டினத்திலும் இருந்தது. பட்டினத்துக்கு வரும் பெருந்தெருவில் கந்தளாய்க் குளக்கட்டின் அருகிலும் இருந்தது. அதன் அமைப்பு எளியது: முன்னே நீண்ட விறாந்தை, அதில் கைநீண்ட சாய்மனைக் கதிரைகள், நடுவே உணவு மண்டபம், இருபுறமும் படுக்கையறைகள், பின்னே தனித்து நிற்கும் குசினி, சுவரிலே கட்டண விபரமும் விதிகளும் எழுதிய பலகை. கடமை நிமித்தம் வரும் உத்தியோகத்தருக்கு முதலிடம் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஆனால் உத்தியோகத்தர் வராத நாளில் வியாபாரியும் நிலமளப்போனும் யாத்திரிகரும் அதே கதிரையில் அமரலாம் என்பதில்தான் அதன் பெருமை உள்ளது. கோட்டைக்குள் இருந்த வீட்டில் அதற்கு இடமில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்த பின்னரும், அதன்பின் நிகழ்ந்த நீண்ட யுத்தத்திலும், படையினர் காவலில் இருந்தமையாலன்றோ கோட்டையின் கட்டடங்கள் பிழைத்தன, பொதுமக்கள் கையில் விட்டிருந்தால் ஓடும் மரமும் எஞ்சியிருக்குமா என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆளற்ற வீடு அழியும், குடியிருந்த வீடு நிற்கும். ஆயினும் காலியின் ஹோட்டல் 2004இல் அமங்கல்லா என்னும் உயர்தர விடுதியாக மாறிச் செல்வரின் பணத்தால் காக்கப்படுவதையும், திருகோணமலையின் இல்லம் காவல் வாயிலால் காக்கப்படுவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டிலும் உள்ளே செல்லும் உரிமை சிலருக்கே உரித்தாயிருப்பது தெரியவரும். நூதனசாலையாகிய மாளிகையே இவ்விரண்டுக்கும் நடுவழி; ஆனால் அங்கே பார்க்கலாம், தங்க முடியாது.

பெரும்பதவியாளர் வசித்த வீட்டையே சின்னமாகக் கொள்ளும் பழக்கம் தொல்பொருட் பாதுகாப்பில் ஊறியிருக்கும்வரை வாடிவீடு பட்டியலில் ஏறுவது அரிது. அதைக் கட்டியவன் பெயர் அறியப்படாததும், ஒரே வகைப் படத்தைக் கொண்டு நாடெங்கும் கட்டப்பட்டதும் குறைகளாகக் கொள்ளப்படும். என் அபிப்பிராயத்தில் அவையே அதைக் காப்பதற்குரிய காரணங்கள்: காலிக்கும் திருகோணமலைக்கும் பொதுவான கட்டட மரபு அதுவன்றி வேறில்லை. குத்தகைக்கு விடப்படும் வாடிவீட்டின் விறாந்தையை அடைத்து அறையாக்குவதற்கும், நாட்டோட்டை இறக்கித் தகரம் ஏற்றுவதற்கும் ஒரு குத்தகைக்காலம் போதும். ஆதலால் இம்மாவட்டத்து வாடிவீடுகளை முதலில் அளந்து வரைபடமாக்குதல் வேண்டும். விருந்தினர் புத்தகங்களும் குத்தகை ஒப்பந்தங்களும் கச்சேரிப் பழங்கோப்புகளிலிருந்து தேடி எடுக்கப்படுதல் வேண்டும். புதுக்கும் வேலை அதன் பின்னரே தொடங்கலாம்.