செழியன் காத்த மூன்று தொகுதிகள்

“மிசா வந்த வருசந்தான் தம்பி, தொரைக்கு வரி கட்டுறது நின்னுச்சு.”

வெள்ளிமலையில் ஒரு பெரியவர் சொன்ன இந்த வாக்கியத்தில்தான் என் தேடல் தொடங்கியது. வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையை மூன்று ஜாகிர்தார்கள் ஆண்டார்கள்; பெரியவரின் ‘தொரை’ அவர்கள்தான். மலை அரசின் ஆளுகைக்குள் வந்தது 1976 ஜூன் 25 அன்று என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் நீதிமன்றம் தானாகவே எடுத்த வழக்கு அது. அந்தத் தேதி என்னை உறுத்தியது. பெரியவர் ‘மிசா’ என்று சொன்ன நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அன்றோடு ஓராண்டு! ஊரையெல்லாம் பூட்டிய கை இந்த மலையை மட்டும் திறந்துவிட்டதா?

நெருக்கடி நிலை ஆட்சியை விசாரித்த நீதிபதி ஜே.சி. ஷா ஆணையத்தின் அறிக்கையைத் தேடினேன். ஒரு நூலகத்தின் பட்டியலில் எண் இருந்தது, அலமாரியில் நூல் இல்லை. 1980இல் இந்திரா காந்தி ஆட்சிக்குத் திரும்பியதும் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன என்று பிறகு படித்தேன். கடைசியில் அது கிடைத்தது ஒரு தமிழரால். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த இரா. செழியன் தம்மிடமிருந்த மூன்று தொகுதிகளையும் 2010இல் மறுபதிப்பாக்கினார். அதைக் கையில் வாங்கியபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

உள்ளே இருக்கும் கணக்கு: விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேர் சிறையில். சென்னைச் சிறையில் நடந்த அடிதடியை நீதிபதி மு.மு. இஸ்மாயில் தனியே விசாரித்தார். அங்கே அடிபட்ட திமுகவின் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார்.

1978 ஜனவரியில் ஷாவின் முன் நின்ற இந்திரா, சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்தார். இந்தக் குற்றங்களை விசாரிக்க 1979இல் தனி நீதிமன்றங்களுக்குச் சட்டம் வந்தது. சில வாரங்களில் ஜனதா ஆட்சி கவிழ்ந்தது, வழக்குகள் கரைந்தன. அர்ஜென்டினாவில் இப்படி ஆகவில்லை. ராணுவ ஆட்சியில் காணாமல்போனவர்களைப் பற்றிய அறிக்கை 1984இல் வந்தது, மறு ஆண்டே ஒன்பது ராணுவத் தளபதிகள் கூண்டில் நின்றார்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட சாட்சிகள். ராணுவ ஆட்சித் தலைவராக இருந்த விதேலாவுக்கு ஆயுள் தண்டனை.

நூலோடு மலையேறினேன். பெரியவர் தொகுதிகளைத் தடவிப் பார்த்தார். லட்சம் பேரின் கதையைச் சொன்னேன், ஒருவர்கூடத் தண்டிக்கப்படாததையும் சொன்னேன்.

“தொரை வாங்குன வரிக்கும் இன்னைக்கு வரைக்கும் யாரும் கணக்குக் கேக்கல தம்பி” என்றார்.