விபத்து இழப்பீடு: ஆறு மாதக் கெடுவைத் தவறவிடாதீர்கள்!

சாலை விபத்தில் ஒருவர் வஃபாத்தாகிவிட்டால், மய்யித்தைச் சீக்கிரம் வாங்கி அடக்கம் செய்ய வேண்டும் என்பதே நம் குடும்பங்களில் முதலில் எழும் எண்ணம். அடுத்து மனைவிக்கு இத்தா. நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வெளியே போவதில்லை. துக்க வீட்டில் இழப்பீடு என்ற பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இத்தா முடிந்து வழக்கறிஞரைத் தேடும்போது, சட்டம் கொடுத்த அவகாசத்தில் ஏறத்தாழ ஏழு வாரம்தான் மிச்சமிருக்கும்.

முன்பு இந்த நெருக்கடி இல்லை. இழப்பீட்டு மனுவுக்கு இருந்த காலக்கெடுவை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியிருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. அதன்படி 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் முன் உள்ளன. தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இது இடைக்கால உத்தரவுதான். இதை நம்பி யாரும் தாமதிக்க வேண்டாம் என்பதே நம் கோரிக்கை.

இத்தா தடையா?

இல்லை. இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகளில் யாரேனும் ஒருவர் எல்லோருக்காகவும் மனு செய்யலாம். மகனோ தகப்பனாரோ முன்னின்று நடத்தலாம். மனைவியின் கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். விபத்து எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். சென்னைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்காகக் காயல்பட்டினத்துக் குடும்பம் விழுப்புரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று சொல்லலாமா?

"கேஸ் எதுவும் வேண்டாம், மய்யித்தைக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோர் நம்மில் உண்டு. பின்னாளில் இன்சூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி, இந்த விபத்தால்தான் இறந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாவிட்டால் பதில் சொல்வது கடினம். சில மணி நேரத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால், பிள்ளைகளின் பல ஆண்டு வாழ்வாதாரத்துக்கு அது ஆதாரமாக நிற்கும்.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இது நீதிபதியின் மனம்போன கணக்கு அல்ல. 2009இல் சர்ளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரனய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு வாய்ப்பாடு வகுத்துள்ளது.

38 வயதில் சொந்தமாகக் கடை நடத்தி மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் இறந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தனர். ஆண்டு வருமானம் 1,80,000. நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழிலர் என்பதால், எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்தால் 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கெனக் கால் பங்கைக் கழித்தால் 1,89,000. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்குப் பெருக்க வேண்டிய எண் 15. ஆக, 28,35,000 ரூபாய். இதற்கு மேல் துணையை இழந்ததற்கு 40,000, இறுதிச் சடங்குக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000. இந்த மூன்றும் 2017இல் விதித்தவை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் உயரும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இதே வகையில் தொகை உண்டு என்று 2018இல் தீர்ப்பானது.

இறந்தவர் வீட்டைக் கவனித்த பெண்ணாக இருந்தால் "வருமானம் இல்லை" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அவருடைய உழைப்புக்கும் மதிப்புப் போட்டு, எதிர்கால வளர்ச்சியையும் சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எனவே வருமானத்துக்கான சான்றுகள் முக்கியம். கடைக் கணக்கு, வங்கி அறிக்கை, வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்றால் விசா நகல், சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

அவசரக் கையெழுத்து வேண்டாம்

யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் பெற இப்போது சட்டத்தில் வழி உண்டு. தவறு நம்மவர் மீதே இருக்கும்போது இது பெரிய ஆறுதல். ஆனால் இந்தத் தொகையை ஒப்புக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள வழக்கு முடிந்துபோகும். மேலே கண்ட 28 லட்சத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். இன்சூரன்ஸ் அதிகாரி சமரசத் தொகை சொன்னாலும் இதே எச்சரிக்கை தேவை. ஆஸ்பத்திரி வாசலில் தரகர்கள் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்திடவே கூடாது.

மோதிய வாகனம் தெரியாவிட்டாலும் வழி உண்டு. மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு நிதியிலிருந்து கிடைக்கும். இதற்கு வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

உயிரோடு இருப்பவருக்குச் சிகிச்சைதான் முதல் கவலை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

தீர்ப்பான தொகையை நேரடியாகக் குடும்பத்தாரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் முறையை 2025இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மனைவியின் பெயரில் தனிக் கணக்கு இல்லாவிட்டால் இப்போதே தொடங்குங்கள்.

ஜனாஸாவுக்கு ஓடி வந்து நிற்பதில் நம் ஜமாஅத்துகளுக்குக் குறையில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் விபரம் தெரிந்த இருவர் அந்த வீட்டுக்குப் போய், விபத்துத் தேதியையும் ஆறு மாதம் முடியும் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், எத்தனையோ யத்தீம்களின் படிப்புச் செலவு உறுதியாகும்.