மூன்று முறை திரும்பிய கட்டுரை

ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்களாம். கோவிலம்பாக்கம் வந்திருந்த பேத்திக்கு முகமே சரியில்லை. ராமானுஜன் கதையைச் சொன்னேன்.

பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அதற்குள் கையெழுத்துப் பிரதி ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கும் அவருக்கும் இடையே மூன்று முறை போய்வந்தது. முடிவு இருக்கும், வந்த வழி இருக்காது. சாதாரண வாசகர் எப்படித் தொடர்வார் என்பது ஐயங்காரின் கவலை.

காரணம் வறுமையும்தான். காகிதத்துக்குக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிய பழக்கம். 1913-ல் ஹார்டிக்குப் போன கடிதத்திலும் தேற்றங்கள்தான் நிறைய, நிரூபணம் இல்லை. லண்டனில் 1915-ல் வெளியான நீண்ட கட்டுரையிலோ எல்லாம் படிப்படியாக இருக்கிறது.

ஹார்டியை எல்லோருக்கும் தெரியும். பொறுமையாகத் திருப்பியனுப்பிய ஐயங்காரை யார் நினைக்கிறார்கள்?

“மூணு தடவையா, தாத்தா?” என்று கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.