நாடி பிடித்த கை ஏடு பிடித்த கதை

மருத்துவம் பயின்றவர் நோயாளியின் படுக்கையருகே நிற்பதுதான் முறை என்றும், எழுதுகோலும் கையுமாக அலுவலகத்தில் அமர்ந்தால் கற்ற கல்வி வீணாயிற்று என்றும் கருதுவோர் பலர். மாணவ நண்பர்களே, அவ்வாறு அமர்ந்த ஒருவரைப் பற்றியும், அவருக்குப் பின் வந்தோரைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிறப்பு இறப்புப் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. அதற்கென லண்டனில் அமைந்த தலைமைப் பதிவகத்தில் 1839-ல் தொகுப்பாளராகச் சேர்ந்தார் வில்லியம் ஃபார். ஷ்ராப்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் 1807-ல் பிறந்து, பாரிஸில் பயின்று, லண்டனில் சில காலம் மருத்துவத் தொழில் நடத்தியவர் அவர்.

வந்து குவிந்த ஏடுகளில் அவர் கண்டது பெருங்குழப்பம். ஒரு நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள். ஒரு பெயருக்குள் பல நோய்கள். முதற்காரணத்தை விடுத்து அதன் பின்விளைவை மட்டும் எழுதியவர்களும் உண்டு. எடையும் அளவும் பௌதிகத்துக்கு எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது நோய்ப்பெயர் ஒழுங்கு என்று தம் முதல் அறிக்கையிலேயே அவர் வாதிட்டார்.

இது வெறும் எழுத்தர் வேலையா? வாந்திபேதி வந்த காலத்தைப் பாருங்கள். தாழ்ந்த நிலத்தில் சாவு மிகுதி என்பதைக் கண்ட ஃபார், தேம்ஸ் ஆற்றங்கரையின் கெட்ட காற்றே காரணம் என நம்பினார். குடிநீரே காரணம் என்றார் ஜான் ஸ்நோ. கருத்தில் வேறுபட்டும், 1854-ல் இறந்தவர் வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் நீர் வருகிறது என்பதையும் குறிக்குமாறு தென் லண்டன் பதிவாளர்களை ஃபார் பணித்தார். தம் கொள்கைக்கு எதிராகச் சான்று திரட்டத் தாமே வழி செய்தாரென்றால், அந்த நேர்மையை என்னென்பது! 1866-ல் கிழக்கு லண்டனில் நோய் பரவியபோது, அவருடைய கணக்கே ஒரு குடிநீர்க் கம்பெனியைச் சுட்டிக் காட்டியது.

1853-ல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளியியல் மாநாடு, எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறப்புக் காரணப் பட்டியலை வகுக்கும் பொறுப்பை அவரிடமும் ஜெனீவாவின் மார்க் டெஸ்பைனிடமும் ஒப்படைத்தது. அம்முயற்சியின் வழியில் 1893-ல் பெர்டியோனின் பட்டியல் ஏற்கப்பெற்றது. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பேணி வருகிறது.

1983-ல் அமெரிக்காவில் ஒரு திருப்பம். முதியோர்க்கான மெடிகேர் திட்டம், மருத்துவமனை செலவழித்த தொகையைப் பார்த்து அல்லாமல், நோயாளி எந்த நோய்த்தொகுதியைச் சேர்ந்தவர் என்பதைப் பார்த்துப் பணம் வழங்கத் தொடங்கியது. 2007-ல் நோயின் கடுமைக்கேற்ற படிநிலைகளும் சேர்ந்தன. ஏட்டிலுள்ள ஒரு சொல்லுக்கு விலை பிறந்தது! ஆகவே மருத்துவமனைகள் ஏடுகளைச் செம்மை செய்யச் செவிலியரையும் மருத்துவரையும் தனியே அமர்த்தின.

ஓர் உதாரணம். மருத்துவர் ‘யூரோசெப்சிஸ்’ என்று எழுதிவிடுகிறார். சிறுநீர்ப் பாதையில் தொற்று என்பது பொருளா, உடல் முழுவதையும் தாக்கிய கொடிய நிலை என்பது பொருளா? 2015 முதல் அமெரிக்கா கையாளும் பத்தாம் பட்டியலில் அச்சொல்லுக்குக் குறியீடே கிடையாது. முன்னதாயின் தொகை சிறிது, பின்னதாயின் பெரிது. ஏடு திருத்தும் பணியிலுள்ள மருத்துவர் காய்ச்சல், இரத்த அழுத்தம், சோதனை முடிவுகள் அனைத்தையும் படித்துவிட்டுச் சிகிச்சை செய்தவரிடம் வினா எழுப்ப வேண்டும்.

இங்கேதான் எனக்குச் சற்று அச்சம். ஃபாரின் கணக்கால் அவர் அலுவலகத்துக்கு வருமானம் கூடவில்லை. இவர்களுக்கோ சம்பளம் கொடுப்பதே அந்த மருத்துவமனை. இல்லாத கடுமையை ஏட்டில் ஏற்றிப் பணம் பெற்றால் பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் விற்று ஏய்த்தவர்களை அடக்க 1863-ல் இயற்றிய சட்டம் அது என்பது வேடிக்கைதான்.

ஆதலால் வினாவுக்கும் வரம்பு உண்டு. விடையை ஊட்டலாகாது, பணத்தைப் பற்றிப் பேசலாகாது. நோயாளியிடம் கண்ட குறிகளை எடுத்து வைத்து, ‘இவை எதைக் காட்டுகின்றன?’ என்று மட்டும் கேட்கலாம். விடையைச் சிகிச்சை செய்த மருத்துவரே எழுத வேண்டும். கேட்டவர் அந்த ஏட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது.